பதின்மூன்று வெற்றி, ஐந்தாம் இடம்

1978-79 பனிக்காலம் முடிந்து ஆல்பைன் பனிச்சறுக்கு உலகக் கோப்பையின் ஆடவர் பட்டியல் வெளிவந்தபோது அதன் முதல் வரியில் சுவிட்சர்லாந்தின் பீட்டர் லூஷர் இருந்தார், 186 புள்ளிகளோடு. அடுத்து ஆஸ்திரியாவின் லியோன்ஹார்ட் ஸ்டாக், அமெரிக்காவின் ஃபில் மேர், இத்தாலியின் பியேரோ க்ரோஸ். ஐந்தாவது வரியில், 150 புள்ளிகளோடு, ஸ்வீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க். அந்தப் பருவத்தில் நடந்த ஜயண்ட் ஸ்லாலம் பந்தயங்கள் பத்து. பத்திலும் வென்றவர் இந்த ஐந்தாம் இடத்துக்காரர். ஸ்லாலத்தில் மேலும் மூன்று வெற்றிகள். ஒரே பருவத்தில் 13 பந்தயங்களை அதற்குமுன் யாரும் வென்றதில்லை. காரணத்தைப் பனியில் தேடினால் கிடைக்காது, காகிதத்தில் இருக்கிறது. ஒரு வெற்றிக்கு 25 புள்ளி. ஆனால் ஒவ்வொரு பந்தய வகையிலும் ஒருவருடைய சிறந்த மூன்று முடிவுகள்தான் ஒட்டுமொத்தக் கணக்கில் ஏறும். மூன்று ஸ்லாலம் வெற்றிக்கு 75, மூன்று ஜயண்ட் ஸ்லாலம் வெற்றிக்கு 75. அதோடு ஸ்டென்மார்க்கின் உண்டியல் நிரம்பிவிட்டது. மிச்சமிருந்த ஏழு வெற்றிகள் அதற்குள் நுழைய வழியில்லாமல் வெளியே உருண்டன. ஸ்டென்மார்க்கின் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 86 என்ற எண்ணில் தொடங்குகிறார்கள்; அவர் வென்ற மொத்த உலகக் கோப்பைப் பந்தயங்கள் அத்தனை. அந்த 86-க்கு இவ்வளவு மதிப்பு வந்ததே 150 என்ற இன்னோர் எண்ணால்தான் என்பது என் வாதம். ஆட்டத்தின் அதிகாரபூர்வக் கணக்கு அவரைக் கொள்ளவில்லை. அதனால் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் வேறொரு கணக்கைக் கையில் எடுத்தார்கள்.

எந்த வகைப் பந்தயத்தில் ஒருவர் தேறுவார் என்பதில் அவர் பிறந்த ஊருக்கும் பங்குண்டு. ஆல்பைன் பனிச்சறுக்கில் அன்று மூன்று அடிப்படை வகைகள். டவுன்ஹில் என்பது மலையுச்சியிலிருந்து அடிவாரம்வரை ஒரே மூச்சில், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் இறங்குவது. ஸ்லாலம் என்பது நெருக்கமாக நட்ட கம்பங்களுக்கு இடையே சட்சட்டென்று திரும்பித் திரும்பி இறங்குவது. ஜயண்ட் ஸ்லாலம் இரண்டுக்கும் நடுவில், கம்பங்கள் தள்ளித் தள்ளி இருக்கும். டவுன்ஹில்லுக்கு ஒரு முறைதான் இறங்க வேண்டும். மற்ற இரண்டிலும் இரு சுற்றுகளின் நேரத்தைக் கூட்டுவார்கள். ஆடவர் டவுன்ஹில் தடத்துக்கு உச்சிக்கும் அடிக்கும் இடையே குறைந்தது 800 மீட்டர் உயர வேறுபாடு கேட்பார்கள். ஸ்லாலத்துக்கு 200 மீட்டர் அளவே போதும். ஸ்டென்மார்க் 1956இல் பிறந்து வளர்ந்தது ஸ்வீடனின் வடபகுதியில், லாப்லாந்து மாகாணத்தின் டார்னபி வட்டாரத்தில். சில நூறு பேர் வாழும் சிற்றூர். அங்கே இருப்பது ஆஸ்திரியாவின் மலைச்சுவர்களைப் போன்றதல்ல, ஒரு சரிவு. ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கி, ஒரே நாளில் பல தடவை கம்பங்களுக்கிடையே பழக அது தோதானது. அதே ஊரிலிருந்து பனிச்சறுக்கு வீரர் ஸ்டிக் ஸ்ட்ராண்ட் வந்தார், பின்னாளில் ஆன்யா பேர்சன் வந்தார். பேர்சன் பிற்காலத்தில் டவுன்ஹில்லிலும் உலகப் பட்டம் வென்றார் என்பதால் ஊர்தான் தலைவிதி என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் பனிக்காலம் முழுதும் டவுன்ஹில் தடங்களின் மடியில் வளரும் ஆஸ்திரியாவின் டிரோல் சிறுவனுக்குத் தானாகக் கிடைக்கும் பயிற்சியை டார்னபிச் சிறுவன் பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்துதான் பெற வேண்டும்.

இனி அந்தக் கணக்குப் புத்தகம். உலகக் கோப்பை பழைய மரபு அல்ல. 1966இல் திட்டமிட்டு 1967 ஜனவரியில் தொடங்கியது. அதற்கு மூளையாக இருந்தவர்களில் முதன்மையானவர் செர்ஜ் லாங் என்ற பிரெஞ்சு விளையாட்டுப் பத்திரிகையாளர். பிரெஞ்சு, அமெரிக்க அணிகளின் பயிற்சியாளர்களான ஒனோரே பொனே, பாப் பீட்டி இருவரும் அவரோடு சேர்ந்தார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒரே நாளில் தீர்ந்துபோகும் உலகப் பட்டத்துக்கு மாற்றாக, குளிர்காலம் முழுக்க நீளும் ஒரு தொடர்கதை அவர்களுக்கு வேண்டியிருந்தது. தொடர்கதைக்கு முடிவு முன்கூட்டித் தெரியக் கூடாது. ஒரு வகைக்கு மூன்று முடிவு என்ற வரம்பு அதற்குக் கைகொடுத்தது: காயத்தால் இரண்டு பந்தயம் தவறவிட்டவரும் பட்டியலில் உயிரோடு இருப்பார், ஆரம்பத்தில் ஓடியவர் எட்டாத தூரம் போய்விட மாட்டார். முதல் ஆண்டே பிரான்ஸின் ழான்-க்ளோத் கிலி 17 பந்தயங்களில் 12-ஐ வென்று, மூன்று வகையிலும் தலா 75 வீதம், எடுக்கக்கூடிய 225 புள்ளிகளையும் எடுத்தார். வரம்புக்கும் வீரருக்கும் இடையே இடைவெளியே இல்லாத ஒரு தருணம் அது. விதி சரியாக இருக்கிறது என்று எல்லோரையும் நம்பவைத்ததும் அதுதான். டவுன்ஹில்லிலும் ஸ்லாலத்திலும் ஒரே ஆள் முதலாவதாக வருவார் என்ற எதிர்பார்ப்பு விதிக்குள்ளேயே புதைந்திருந்தது. கிலியைப் போல ஓர் ஆளை மனத்தில் வைத்துத் தைத்த சட்டை என்று சொல்லலாம். ஆனால் அடுத்த பத்தாண்டுகளில் பலகைகளின் நீளம், விறைப்பு, வளைவு எல்லாம் வகைக்கு வகை வேறாகின. பயிற்சி வேறாயிற்று, உடற்கட்டும் வேறாயிற்று. கிலிகள் அருகினார்கள்.

1975 மார்ச் மாதம் இந்த மாற்றம் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. இத்தாலியின் வால் கார்தெனாவில் கடைசிப் பந்தயத்துக்கு முந்தைய நாள் மூன்று பேர் சம புள்ளியில் நின்றார்கள்: ஆஸ்திரியாவின் ஃபிரான்ஸ் க்ளாமர், இத்தாலியின் குஸ்தாவ் தோயெனி, 19 வயது நிறைந்த ஸ்டென்மார்க். க்ளாமர் அந்தப் பருவத்தின் ஒன்பது டவுன்ஹில்களில் எட்டை வென்றவர். பட்டத்தைத் தீர்மானிக்கப் போட்ட பந்தயமோ இணை ஸ்லாலம். இருவர் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் மோதும் வித்தை. டவுன்ஹில் மன்னரை ஸ்லாலம் கம்பங்களுக்கிடையே நிறுத்தினால் என்ன ஆகுமோ அதுவே ஆயிற்று. அவர் முன்னதாகவே வெளியேறினார். இறுதியில் தோயெனி ஸ்டென்மார்க்கை வென்றார். 250, 245, 240 என்று பட்டியல் முடிந்தது. ஸ்டென்மார்க்கின் கட்சி பேசுகிறவர்கள் சௌகரியமாக மறந்துவிடும் சான்று இது. கணக்கு அவரைப் பதம் பார்ப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே க்ளாமரைப் பதம் பார்த்துவிட்டது.

அடுத்த மூன்று பருவங்களும் ஸ்டென்மார்க்குடையவை: 1976, 1977, 1978. மூன்றாவது பட்டத்தை அவர் எடுத்த விதம்தான் கவனத்துக்குரியது. 1978இல் அவருக்குக் கிடைத்ததும் 150 புள்ளிதான். இரண்டாம் இடத்தில் இருந்த மேருக்கு 116. மறு ஆண்டும் அதே 150, இடம் மட்டும் ஐந்து. அந்த ஆண்டின் ஒட்டுமொத்தக் கணக்கில் கம்பைன்ட் முடிவுகளுக்கும் ஒரு பத்தி இருந்தது. கம்பைன்ட் அன்று தனிப் பந்தயமே அல்ல. ஓரிடத்தில் நடக்கும் டவுன்ஹில்லையும் ஸ்லாலத்தையும் காகிதத்தில் கூட்டிப் பார்த்து வரிசை போடுவது. இரண்டிலும் நடுத்தரமாக வருகிறவர், ஒன்றில் முதலாவதாக வந்து மற்றதில் இறங்காதவரைத் தாண்டிவிடலாம். ஸ்டென்மார்க் அதே வேகத்தில் இருந்தார், சொல்லப்போனால் கூடுதல் வேகத்தில். 1979 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாக்கியாவின் யாஸ்னாவில் ஜயண்ட் ஸ்லாலத்தை 4.06 நொடி இடைவெளியில் வென்றார். நூறில் ஒரு பங்கு நொடியில் வெற்றி தோல்வி தீர்மானமாகும் ஆட்டத்தில் அது நம்பக் கூசும் எண், இன்றுவரை முறியாதது. இரண்டாவதாக வந்தவர் யூகோஸ்லாவியாவின் போயான் க்ரிஜாய். ஸ்டென்மார்க்குக்குப் பின்னால் வந்தவர்கள் தங்களுக்குள் பந்தயம் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. புள்ளிக் கணக்குக்கு அந்த நான்கு நொடியும் தெரியாது. மூன்றுக்கு மேல் வந்த வெற்றியும் தெரியாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஸ்டென்மார்க்கை வீழ்த்தவே விதி மாற்றினார்கள் என்ற பேச்சு ஸ்வீடனில் பழையது. அது முழு உண்மை அல்ல என்பதை மேலே சொன்ன வரலாறே காட்டுகிறது. மூன்று முடிவு வரம்பு அவர் பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே பிறந்தது. அதைவிட வலுவான வாதம் ஆஸ்திரியர்களிடம் இருந்தது: மூன்று அடிப்படைப் பத்திகளில் இரண்டு திருப்பங்களுக்கானவை, ஒன்றுதான் வேகத்துக்கானது. ஸ்லாலம் ஆள் இரண்டு உண்டியல் வைத்துக்கொள்ளலாம், டவுன்ஹில் ஆளுக்கு ஒன்று. அப்படியிருக்க யார் யாருக்கு அநியாயம் செய்தது? இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். வேக வகையில் இரண்டாவதாக சூப்பர்-ஜி 1982-83 பருவத்தில் சேர்ந்தபோதுதான் அந்தக் கோணல் நிமிர்ந்தது. ஆனால் இந்த நியாயம் வரம்பை நியாயப்படுத்தாது. வேகக்காரருக்கு இன்னொரு பத்தி கொடுப்பது ஒன்று; வென்ற பந்தயத்தை நடக்காததாகப் பாவிப்பது வேறு. முதலாவது சமன்செய்தல். இரண்டாவது, கதையின் சுவாரசியத்துக்காகக் கதாநாயகனின் காலைக் கட்டுவது. ஆட்டத்தை நடத்திய கூட்டமைப்பு இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்ததால் எது எதற்காக என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போயிற்று.

இன்னொரு மறுப்பு நுட்பமானது, அறம் சார்ந்ததும்கூட. டவுன்ஹில்தான் இந்த ஆட்டத்தின் உயிர். உயிரைப் பணயம் வைக்காதவர் எப்படி முழுச் சாம்பியன் ஆவார்? ஸ்டென்மார்க் அஞ்சினார் என்பது இதன் மறைபொருள். நடந்தது வேறு. ஐந்தாம் இடத்தின் பாடத்தைக் கற்றுக்கொண்டு 1979 செப்டம்பரில் இத்தாலியின் செனாலெஸ் பள்ளத்தாக்கில் டவுன்ஹில் பயிற்சிக்குப் போனார், விழுந்தார், தலையில் பலத்த அடி. ஐந்து மாதம் கழித்து லேக் ப்ளாசிட் ஒலிம்பிக்கில் ஜயண்ட் ஸ்லாலம், ஸ்லாலம் இரண்டிலும் தங்கம். இரண்டிலுமே முதல் சுற்று முடிவில் அவர் முன்னணியில் இல்லை. இரண்டாம் சுற்றில் வந்து எடுத்துக்கொண்டார். அது அவருடைய வாடிக்கை. முதல் சுற்றில் அளந்து பார்ப்பதும் இரண்டாவதில் தீர்த்துக்கொள்வதும் ஒருவகைத் துணிச்சல். எலும்பு முறியாத துணிச்சல் என்பதால் அது கண்ணில் படுவதில்லை. அந்தப் பருவத்தின் ஒட்டுமொத்தக் கோப்பை லீக்டன்ஸ்டைனின் ஆண்ட்ரியாஸ் வென்சலுக்குப் போனது, 204-க்கு 200 என்ற கணக்கில். மறு ஆண்டு, 1981 ஜனவரியில், ஸ்டென்மார்க் ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூயெலில் ஷ்ட்ரைஃப் தடத்தில் இறங்கினார். உலகின் மிகக் கொடூரமான டவுன்ஹில் என்று பெயரெடுத்த தடம். உலகக் கோப்பையில் அவர் கலந்துகொண்ட ஒரே டவுன்ஹில் அது. 34ஆவதாக வந்தார். கம்பைன்ட் புள்ளிக்காக அவர் செய்த இந்தக் காரியத்தை அக்காலச் செய்தியாளர்கள் வேடிக்கையாகப் பார்த்தார்கள். எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. தன் கலையின் உச்சியில் இருக்கும் ஒருவரை, தனக்குப் பழக்கமில்லாத, ஆளை முடமாக்கக்கூடிய ஒன்றைச் செய்யவைக்கும் கணக்கு எதை அளக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தப் பருவத்திலும் அவர் இரண்டாமிடம்தான்: மேர் 266, ஸ்டென்மார்க் 260. கைநழுவிய இரண்டு பட்டங்கள், இடைவெளி மொத்தம் பத்துப் புள்ளி. மேரைக் குறைத்து மதிப்பிட இது இடமல்ல. 1981 தொடங்கி மூன்றாண்டு தொடர்ந்து வென்ற அவர் விதியை நன்றாகப் படித்தவர். எல்லா வகையிலும் இறங்கும் உடலும் மனமும் அவருக்கு இருந்தன. விதி தேடியது அவரைத்தான்; கண்டுகொண்டது.

கணக்குப் புத்தகம் ஒன்றே ஒன்று அல்ல என்பதற்கும் ஸ்டென்மார்க்கே சாட்சி. அக்காலத்தில் பனிச்சறுக்கு வீரர்கள் பெயரளவில் அமெச்சூர்கள். பலகை நிறுவனங்கள் பணம் கொடுக்கும். அது தேசியச் சங்கத்தின் கை வழியாக வந்தால் அமெச்சூர், வீரரின் கைக்கு நேராக வந்தால் தொழில்முறை. ஸ்டென்மார்க் பி-உரிமம் பெற்று நேரடியாக வாங்கிக்கொண்டார். கடைசிவரை அவர் காலில் இருந்தது ஸ்லோவேனியாவின் பெகுன்யே ஊரில் தயாராகும் எலான் பலகைதான். பெரிய ஆல்ப்ஸ் நிறுவனங்களுக்கு நடுவே ஒரு யூகோஸ்லாவியத் தொழிற்சாலையை உலகம் அறியச் செய்தவர் அவர் என்றால் மிகையில்லை. உரிமத்தின் விலை 1984 சராயேவோ ஒலிம்பிக்: அவரையும், அதே காரணத்துக்காக லீக்டன்ஸ்டைனின் ஹன்னி வென்சலையும் அனுமதிக்கவில்லை. அந்தப் பருவத்தின் ஜயண்ட் ஸ்லாலம் கோப்பையை வென்றவர் இல்லாமலே ஒலிம்பிக் ஜயண்ட் ஸ்லாலம் நடந்தது. அங்கே வாங்கியவர்கள் எல்லோரும் உண்மைப் பதக்கம்தான் வாங்கினார்கள். ஆனால் பணம் எந்தக் கதவு வழியாக வந்தது என்பதை வைத்து யார் வேகமானவர் என்று முடிவுசெய்த ஆட்டத்தின் பதக்கம் அது. 1988இல் கால்கரிக்கு அவரை அனுமதித்தபோது வயது 31. ஸ்லாலத்தில் ஐந்தாவதாக வந்தார். மறுபடியும் ஐந்து, இம்முறை காலம் செய்த கணக்கு.

அப்படியானால் 86 என்ற எண் மட்டும் கறைபடாத அளவுகோலா? இந்த இடத்தில் என் வாதத்தையே நான் திருப்பிப் பார்க்க வேண்டும். அதுவும் நாள்காட்டியின் குழந்தைதான். 86இல் 46 ஜயண்ட் ஸ்லாலம், 40 ஸ்லாலம், டவுன்ஹில் சுழியம். இரு வகையில் இறங்குகிறவருக்கு ஒரு பருவத்தில் வெல்லக் கிடைக்கும் பந்தயங்கள் டவுன்ஹில்லர் ஒருவருக்குக் கிடைப்பதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. க்ளாமரின் 25 டவுன்ஹில் வெற்றியை 86-க்குப் பக்கத்தில் வைத்துச் சின்னதாகக் காட்டுவது, ஸ்டென்மார்க்கை 150-க்குள் அடைத்த அதே தவறின் மறுபக்கம். ஒன்றை மட்டும் 86-க்குச் சாதகமாகச் சொல்லலாம். அதற்கு மேல்மூடி கிடையாது. 1974 டிசம்பரில் இத்தாலியின் மடோனா டி காம்பீலியோவில் வென்ற முதல் ஸ்லாலமும், 1989 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஆஸ்பெனில் வென்ற கடைசி ஜயண்ட் ஸ்லாலமும் அதில் ஒவ்வொன்று, இடையில் வீணான ஏழும் அதில் ஏழாகவே இருக்கின்றன. மக்கள் நாவில் நின்ற கணக்கு அது என்பதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். ஒட்டுமொத்தக் கோப்பையை ஐந்து முறை வென்ற லக்சம்பர்க்கின் மார்க் ஜிரார்தெல்லியின் பெயர் பனிச்சறுக்கு அறியாத நாடுகளுக்கு எட்டவில்லை. மூன்று முறை வென்ற ஸ்டென்மார்க்கின் பெயர் எட்டியது.

34 ஆண்டுகள் அந்த எண் நின்றது. அமெரிக்காவின் லிண்ட்சி வான் 82 வெற்றிகளோடு 2019ஆம் ஆண்டு ஓய்வை அறிவித்தபோது அது இன்னும் கெட்டியாகத் தெரிந்தது. 2023 மார்ச் 10 அன்று இன்னோர் அமெரிக்கரான மிகேலா ஷிஃப்ரின் அதைத் தொட்டார், மறுநாள் கடந்தார். இரண்டும் நடந்த இடம் ஸ்வீடனின் ஓரே. 2025 பிப்ரவரியில் இத்தாலியின் செஸ்ட்ரியேரில் அவர் நூறாவது வெற்றியையும் எடுத்தார். பட்டியலில் பாதிக்கு மேல் ஸ்லாலம் என்றாலும் அவர் டவுன்ஹில்லிலும் சூப்பர்-ஜியிலும் வென்றவர். கிலியை மனத்தில் வைத்து 1967இல் எழுதிய கனவுக்கு இன்று மிக அருகில் இருப்பது அவர்தான். ஷிஃப்ரின் தன்னைவிட மேலானவர் என்று ஸ்டென்மார்க்கே சொல்லியிருக்கிறார். தன் சாதனையை முறியடித்தவர் எல்லா வகையிலும் வல்லவர் என்பதை அவர் காரணமாகக் காட்டியதும் கவனிக்கத்தக்கது. எந்தத் தராசில் தான் குறைவாக நிறுக்கப்பட்டாரோ அதை அவர் இகழவில்லை.

ஆனால் ஒட்டுமொத்தக் கோப்பையின் விதி இதற்குள் முழுக்க மாறிவிட்டது. 1991-92 பருவத்திலிருந்து வெற்றிக்கு 100 புள்ளி, முதல் 30 இடங்களுக்கும் புள்ளி உண்டு. எல்லாப் பந்தயங்களும் எண்ணப்படும். விளைவு உடனே தெரியவில்லை; ஆஸ்திரியாவின் மார்செல் ஹிர்ஷர் வந்தபோது தெரிந்தது. 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு முறை ஒட்டுமொத்தக் கோப்பையை அவர் வென்றார். அவருடைய 67 வெற்றிகளில் 32 ஸ்லாலம், 31 ஜயண்ட் ஸ்லாலம், மூன்று இணைப் பந்தயம், ஒரே ஒரு சூப்பர்-ஜி. டவுன்ஹில் ஒன்றுமில்லை. ஸ்டென்மார்க்கின் அச்சில் வார்த்தவர் என்றே சொல்லலாம். டவுன்ஹில்லில் வெல்லாதவர் எட்டு முறை உலகின் முழுமையான பனிச்சறுக்கு வீரராக முடிசூட்டப்பட்டார் என்பதில் ஆஸ்திரியாவில் யாரும் முறையிட்டதாகத் தெரியவில்லை. 1979இல் ஒலித்த உயிர், துணிச்சல் பேச்சு ஒட்டுமொத்தமாக அடங்கியிருந்தது. 2017-18 பருவத்தில் ஹிர்ஷர் வென்ற பந்தயங்கள் 13, அத்தனையும் ஸ்லாலமும் ஜயண்ட் ஸ்லாலமும். ஸ்டென்மார்க்கின் அதே 13. அந்த 13-க்கும் சேர்த்து 1,300 புள்ளிகள் ஹிர்ஷரின் கணக்கில் ஏறின. உண்டியலுக்கு வெளியே ஒன்றுகூட விழவில்லை.